மலைக்கு ஒரு நாள், மந்தைக்கு ஒரு நாள்

மதுரைக்கு மேற்கே நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு, கீழக்குயில்குடி என்ற ஊருக்கு முன்பே அதன் மலை தெரிந்துவிடும். சமணமலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதை ஒட்டித் தாமரைக் குளம், விழுது இறங்கிய ஆலமரம். கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் மாணவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், ஓவியர்கள், வீதி நாடகக்காரர்கள் என்று படைப்பு வேலைக்காக வருகிறவர்களுக்கு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இதைவிட வாகான இடம் குறைவு. அப்படி வருகிறவர்கள் இப்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். நம் வேலையை எந்த உலக நாளோடு சேர்த்து வெளியிடுவது?

கேள்வி நியாயமானது. உலக நாள் என்ற ஒன்று கையில் இருந்தால் செய்தித்தாளில் இடம் கிடைக்கும், கல்லூரி முதல்வர் அனுமதி தருவார், மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒருவராவது வந்து எட்டிப்பார்ப்பார். ஆனால் நாளைத் தேர்ந்தெடுக்கும் விதம்தான் கவலை தருகிறது. படத்தொகுப்பு எப்போது முடிகிறதோ, அதற்கு அடுத்து எந்த நாள் வருகிறதோ, அதுவே அந்தப் படத்தின் நாளாகிவிடுகிறது. ஜூன் 5 அருகில் இருந்தால் சுற்றுச்சூழல், ஆகஸ்ட் 19 என்றால் புகைப்படம், செப்டம்பர் 27 என்றால் சுற்றுலா. சுவரொட்டியில் இருக்கும் ஊர்ப் பெயரை அழித்துவிட்டு வேறு எந்த ஊரின் பெயரை எழுதினாலும் அது பொருந்தும். அப்படிப் பொருந்தும் நாள் அந்த ஊருக்கு உரிய நாளாக இருக்க முடியாது. கீழக்குயில்குடியை வைத்து இந்தக் கேள்வியை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான். மலையும் நீரும் எழுத்தும் ஒரு பெரும் மனிதத் துயரமும் ஒரே ஊரில் இருப்பதால், எந்த நாளையும் இந்த ஊரில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

உலக நாட்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்த்துவிடலாம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஓர் உறுப்பு நாடு முன்மொழிகிறது, மற்ற நாடுகள் சேர்ந்து ஆதரிக்கின்றன, தீர்மானம் நிறைவேறுகிறது. 1947-ல் அக்டோபர் 24 ஐ.நா. நாளாக அறிவிக்கப்பட்டது, 1950-ல் டிசம்பர் 10 மனித உரிமை நாள் ஆனது. இன்று அந்தப் பட்டியலில் 200-க்கு மேற்பட்ட நாட்கள் இருக்கின்றன. ஜூன் 21-ஐ யோகா நாளாக்க 2014 செப்டம்பரில் இந்தியா கேட்டது. டிசம்பரிலேயே தீர்மானம் வந்துவிட்டது. ஐ.நா.வுக்கு வெளியே பிறந்தவையும் உண்டு. மார்ச் 20 சிட்டுக்குருவி நாள் நாசிக்கில் முகமது திலாவர் என்ற பறவை ஆர்வலர் முன்னெடுத்து, 2010 முதல் கொண்டாடப்படுவது.

இந்த நாட்களின் பிறப்பைத் துருவினால் அவை ஒரே வகையானவை அல்ல என்பது தெரியும். பல நாட்கள் மாநாட்டு நாட்கள். 1972 ஜூன் 5 ஸ்டாக்ஹோம் மாநாடு தொடங்கிய நாள். 1971 பிப்ரவரி 2 ஈரானின் ராம்சர் நகரில் ஈரநில உடன்படிக்கை கையெழுத்தான நாள். சில நாட்கள் பிறந்தநாட்கள். டிசம்பர் 5 மண் நாளானது தாய்லாந்து மன்னர் பூமிபோல் பிறந்த நாள் என்பதால். அக்டோபர் 2 அகிம்சை நாளானது ஏன் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேதிக்குப் பின்னால் எந்த நிகழ்வும் இல்லாமல் தீர்மானத்தில் குறிக்கப்பட்டவையும் இருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒரு வகை, இரத்தம் சிந்திய நாட்கள். பிப்ரவரி 21 அப்படி வந்தது: 1952-ல் டாக்காவில் வங்க மொழிக்காகச் சுடப்பட்டு மாணவர்கள் இறந்த நாள் அது. கனடாவின் வான்கூவரில் வாழ்ந்த ரஃபிகுல் இஸ்லாம் என்ற வங்கதேசத்தவர் 1998-ல் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கி, 1999 நவம்பரில் யுனெஸ்கோ அதைத் தாய்மொழி நாளாக ஏற்றது. நவம்பர் 25-ம் அப்படியே: டொமினிக்கன் குடியரசில் 1960-ல் கொல்லப்பட்ட மிராபல் சகோதரிகளின் நினைவு நாள், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான நாளாயிற்று.

நாடகமோ படமோ ஓவியமோ செய்கிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். மாநாட்டு நாளுக்கு ஒரு கருப்பொருள் கொடுப்பார்கள். ஆண்டுதோறும் அது மாறும். அதை நம் ஊருக்கு வலிந்து பொருத்த வேண்டியிருக்கும். ஒரு சம்பவத்திலிருந்து பிறந்த நாளோ தனக்குள்ளேயே மனிதர்களையும் இடத்தையும் வைத்திருக்கிறது. நம் ஊரின் கதை அதற்குப் பக்கத்தில் போய் நிற்க முடிந்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

இனி மலைக்கு வரலாம். கீழக்குயில்குடிக்கு வருகிற பலரின் மனத்தில் முதலில் எழும் நாள் ஏப்ரல் 18, நினைவுச்சின்னங்கள் நாள். நினைவுச்சின்னங்களுக்கும் தலங்களுக்குமான பன்னாட்டு அவையான இகோமோஸ் 1982-ல் முன்வைத்து, 1983-ல் யுனெஸ்கோ ஏற்றது. பொருத்தமும் வெளிப்படையானது. சமணமலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். செட்டிப்புடவு என்று ஊரார் அழைக்கும் குகையில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். உள்ளே யானைமேல் வரும் பகைவனைச் சிங்கத்தின்மேல் அமர்ந்து எதிர்க்கும் இயக்கியின் சிற்பம். மறுபக்கம் படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம். அங்கே வற்றாத சுனையும், பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். இன்னும் மேலே, 9-ம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் பராந்தக வீரநாராயணன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் இன்றும் கிடக்கிறது.

ஆனால் ஏப்ரல் 18 அன்று மதுரையில் நின்று பாருங்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும். பேச்சிப்பள்ளப் பாறையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு. அதற்கெல்லாம் மேலே சித்திரைத் திருவிழா. கொடியேற்றம் தொடங்கி அழகர் ஆற்றில் இறங்கும் வரை மதுரை மாவட்டத்தின் கண்ணும் காலும் மாசி வீதிகளிலும் வைகைக் கரையிலும்தான் இருக்கும். சில ஆண்டுகளில் அது மே மாதத்துக்குத் தள்ளிப்போகும். பல ஆண்டுகளில் ஏப்ரல் நடுவிலேயே ஊர் அந்த மனநிலைக்கு வந்துவிடும். பாரிஸில் வசந்தம் பிறக்கும் நேரத்தில் வரும் நாள் மதுரைக்கு அக்கினி வெயிலின் வாசலில் வருகிறது. கல்லும் சிற்பமும் மட்டுமே பொருள் என்றால் இந்தியாவில் நவம்பர் 19 முதல் 25 வரை தொல்லியல் துறை நடத்தும் உலக மரபு வாரம் இதைவிட நல்லது. மழைக்காலம்தான், இருந்தாலும் மழை விட்ட காலைகளில் மலை மிக அழகாக இருக்கும்.

ஈரநில நாளான பிப்ரவரி 2-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்தால் அப்போது கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், தாமரைக் குளத்தில் பூ இருக்கும், பறவைகளும் இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் காய்ந்த கண்மாயைப் படம் எடுக்கலாம், அதுவும் சொல்ல வேண்டிய செய்திதான். பறவை பார்க்கிறவர்களுக்கும் நீர்நிலைக்காக வேலை செய்கிறவர்களுக்கும் அது நல்ல நாள்.

தாய்மொழி நாளான பிப்ரவரி 21-ஐ நான் இன்னும் மேலே வைப்பேன், குறிப்பாகக் குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு. இந்த ஒரே மலைத்தொடரில் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. முத்துப்பட்டிப் பக்கம் பெருமாள்மலைக் குகைத்தளத்தில் 2,000 ஆண்டுப் பழமையுள்ள தமிழி எழுத்து. அதில் ஒன்று முசிறியைக் குறிப்பிடுகிறது. வைகைக் கரையிலிருந்து மேற்குக் கடற்கரைத் துறைமுகத்துக்கு ஆட்கள் போய் வந்ததன் சான்று அது. பேச்சிப்பள்ளத்தில் வட்டெழுத்து. உச்சியில் விளக்குத்தூண் அருகே கன்னடம். வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் ஒன்று, அச்சணந்தி என்ற புகழ்பெற்ற சமணத் துறவியின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. அச்சணந்தியின் பெயர் மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் கிடைக்கிறது. அவருடைய தாயின் பெயரையும் கல்லில் வைத்திருக்கிற இந்த மலை எவ்வளவு பெரிய செல்வம்! ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு தாய் தன் பெயரில் செய்வித்த சிற்பத்தின் அடியில் உட்கார்ந்து, அந்த எழுத்தைப் பார்த்துத் தாளில் எழுதிப் பழகும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாய்மொழி நாளைப் பற்றி மேடையில் யாரும் பேச வேண்டியதில்லை. பிப்ரவரியில் வெயில் பொறுக்கும்படி இருக்கும். தேர்வுக்கும் இன்னும் நாள் இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: எழுத்தை நன்றாகப் படம் பிடிக்க வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் அதன்மேல் வரைகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது கல்வெட்டைத் தின்னும் வேலை. பக்கவாட்டிலிருந்து விழும் காலை வெளிச்சமே போதும்.

மலைக்கென்றே உள்ள நாள் டிசம்பர் 11. 2002-ஐ மலைகள் ஆண்டாகக் கொண்டாடிய ஐ.நா., அந்த ஆண்டு டிசம்பரில் தீர்மானம் போட்டு 2003 முதல் இதைக் கடைப்பிடிக்கிறது. அதன் கருப்பொருள்கள் பெரும்பாலும் இமயம், ஆண்டிஸ், ஆல்ப்ஸ் போன்ற உயர்ந்த மலைகளையும் பனிப்பாறைகளையும் மனத்தில் வைத்தவை. சமவெளியில் தனித்து நிற்கும் நம் பாறைக் குன்றுகளுக்கு அந்தப் பேச்சில் இடம் குறைவு. ஆயினும் மதுரைக்கு மலை என்பது வெறும் காட்சிப்பொருளாக இருந்ததில்லை. யானைமலையைக் குடைந்து சிற்பநகரம் அமைக்கும் திட்டம் வந்தபோது அடிவார ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை என்ற இயக்கம் அந்தச் சூழலில் பிறந்ததுதான். மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகள் குன்றுகளைப் பாளம் பாளமாக வெட்டிக்கொண்டிருந்ததை 2012-ல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயத்தின் அறிக்கை வெளியே கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டது 2024 நவம்பரில். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர் மக்கள் மதுரை வரை திரண்டு நடந்தார்கள். அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சட்டமன்றத் தீர்மானத்துக்கும் மலை நாளுக்கும் இடையே இரண்டே நாள். உலகத்தின் மலை நாளும் மதுரையின் மலைப் போராட்டமும் ஒரே வாரத்தில் வந்தன; அந்த இணைப்பைப் பெரிதாக எடுத்துச் சொல்லும் ஒரு படமோ நாடகமோ முன்கூட்டித் தயாராகி இருந்தால் எவ்வளவு வலு சேர்ந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பருவமும் டிசம்பர் 11-க்குச் சாதகம். மழை ஓயும் நேரம், சுனை நிறைந்திருக்கும், பாறை இடுக்குகளில் புல் பச்சையாக இருக்கும். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் என்பதால் மாணவர் வேலைகளை நவம்பரிலேயே முடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மலையைப் பொருளாக எடுத்தவர்கள் இந்த நாளைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த இடத்தில் பசுமை நடை செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு காலை, மதுரையைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு மலைக்கு நடை. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டை வாசித்து விளக்குவார்கள். பிறகு மர நிழலில் எல்லாரும் சேர்ந்து காலை உணவு. இப்படியே வளர்ந்து, 2013-ல் தங்கள் 25-வது நடையைக் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் ‘விருட்சத் திருவிழா’ என்று கொண்டாடினார்கள். ‘மதுர வரலாறு’ நூல் அங்கே வெளியானது. பின்னர் அதே அடிவாரத்தில் ‘பாறைத் திருவிழா’ நடந்தது. உலக நாள் எதையும் அவர்கள் தேடிப் போகவில்லை. தங்கள் நடையின் எண்ணிக்கையையே நாளாக்கினார்கள், மரத்தையும் பாறையையும் விழாத் தலைவர்களாக்கினார்கள். மாதா மாதம் தொடர்ந்து வரக்கூடியவர்களுக்கு உலக நாள் தேவையே இல்லை. ஒருமுறை வந்து ஒரு படைப்பைச் செய்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. கேள்வியை எழுப்பும் எவரும் தாம் இந்த இருவரில் யார் என்பதை முதலில் தமக்குள் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் மலையைப் பற்றி. மலையடிவாரத்திலேயே திரும்பிவிடுகிறவர்கள் ஊருக்குள் போவதில்லை. ஊருக்குள் வேறொரு வரலாறு இருக்கிறது. எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு என் விடை அங்கேதான் கிடைத்தது.

பிரிட்டிஷ் அரசு 1871-ல் கொண்டுவந்து 1911-ல் விரிவாக்கிய குற்றப் பரம்பரையினர் சட்டம், மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்களில் முதன்முதலாகப் பாய்ந்தது கீழக்குயில்குடிக்காரர்கள் மீது. ஆண்டு 1914. பிறகு சில ஆண்டுகளில் அந்தச் சமூகம் முழுவதற்கும் அது நீண்டது. இந்த வட்டாரத்தில் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். வயதுவந்த ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ குறிப்பிட்ட பொது இடத்திலோ போய் ஆள் காட்டிப் படுத்துக் கிடக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். புதுமாப்பிள்ளைக்கும் விலக்கு இல்லை, வீட்டில் சாவு விழுந்தவனுக்கும் விலக்கு இல்லை. ஒரு மனிதன் என்ன செய்தான் என்று பார்க்காமல் அவன் யாருக்குப் பிறந்தான் என்று மட்டும் பார்த்த சட்டம் அது. உசிலம்பட்டிக்குப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். வழக்குகளில் அந்த மக்களுக்காக நின்ற பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ல் ஒழிந்தது; அந்த நாளை, இச்சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களான சீர்மரபினரின் விடுதலை நாளாக நாட்டின் பல பகுதிகளில் நினைவுகூர்கிறார்கள்.

இலக்கியம் இந்த வரலாற்றை ஏற்கெனவே தொட்டிருக்கிறது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2011-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. அதில் வரும் தாதனூரில் கீழக்குயில்குடியை வாசகர்கள் பலர் அடையாளம் காண்கிறார்கள். நாவலின் ஒரு பகுதியிலிருந்து ‘அரவான்’ படமும் 2012-ல் வந்தது. ஆனால் மலைக்கு வருகிறவர்கள் எடுக்கும் திட்டப்பணிகளின் பட்டியலில் ரேகைச் சட்டம் இன்னும் இடம்பெறவில்லை என்றே சொல்வேன். சுற்றுச்சூழலும் பாரம்பரியமும் எளிய தலைப்புகள். இது எளிதல்ல.

இதற்கான உலக நாள் மார்ச் 21. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான நாள் அது. 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் நகரில், கறுப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகத்தை எதிர்த்து, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். 1966-ல் ஐ.நா. பொதுச்சபை அந்தத் தேதியை உலக நாளாக்கியது.

ஷார்ப்வில்லையும் பெருங்காமநல்லூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அனுமதிப் புத்தகம், ஒரு பக்கம் ராதாரிச் சீட்டு. பிறப்பை வைத்து மனிதனின் நடமாட்டத்தைக் கட்டும் சட்டம் இரண்டிலும் இருக்கிறது. அதை ஏற்க மறுத்துக் கூடிய கூட்டமும் துப்பாக்கிச் சூடும் இரண்டிலும் இருக்கின்றன. நடுவில் 40 ஆண்டு இடைவெளி மட்டும். இது வெறும் ஒற்றுமையோடும் நிற்கவில்லை. இரண்டு இடங்களுக்கும் இடையே நேரான ஒரு கோடு ஓடுகிறது. விரல் ரேகையை வகைப்படுத்தும் முறை அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்போடு வங்காளத்தில் உருவாகி, 1897-ல் கல்கத்தாவில் உலகின் முதல் ரேகைப் பிரிவு திறக்கப்பட்டது. வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றி 1900-ல் ஜோகன்னஸ்பர்க் போலீசைச் சீரமைக்கத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் அங்கிருந்த இந்தியர்களிடம் பத்து விரல் ரேகை கேட்டுச் சட்டம் வந்தது. காந்தியும் தம்பி நாயுடுவும் அவர்களோடு ஏராளமான தமிழர்களும் சிறை சென்றது அதை எதிர்த்துத்தான். 1908-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சான்றுகளைக் கூட்டமாகத் தீயிலிட்டார்கள். அதே பத்து விரலைத்தான் ஆறு ஆண்டு கழித்துக் கீழக்குயில்குடியில் கேட்டார்கள். மார்ச் 21 சுவரொட்டியில் கீழக்குயில்குடி என்ற பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுத முடியாது.

பருவம் இதற்கு ஒத்துவருமா? பகலில் ஒத்துவராது. மார்ச் கடைசியில் வெயில் ஏறிவிடும், பொதுத்தேர்வும் நடக்கும். அந்த வாரத்தில் உலக நாட்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன: 20 சிட்டுக்குருவி, 21-லேயே கவிதையும் காடும், 22 தண்ணீர். பத்திரிகையில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் இந்தக் கதைக்குப் பகல் தேவையில்லை. ரேகைச் சட்டத்தின் கொடுமை இரவில் நடந்தது. ஆண்களைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்ப் போலீசின் கண்ணெதிரே கிடக்கவைத்த இரவுகள் அவை. ஊர் கூடும் பொது இடமான மந்தையில், இரவு ஒன்பதுக்கு மேல், பெரிய விளக்குகள் இல்லாமல் நடத்தப்படும் ஒரு நாடகம் அந்தச் சட்டத்தை எந்தப் பகல் நிகழ்ச்சியையும்விட நன்றாக உணர்த்தும். பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து தரையில் படுப்பது ஒன்றே போதும், வசனம் அதிகம் வேண்டாம். மார்ச் 21-ல் கீழக்குயில்குடி மந்தையில் தொடங்கி, ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூர் நினைவிடத்தில் முடிக்கலாம். நடுவே இரு வாரம் செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி என்று வழியில் உள்ள ஊர்களில் இரவுக்கு ஒன்றாகப் போடலாம். உலகத்தின் நாளும் ஊரின் நாளும் இப்படி இரண்டு முனைகளாக அமைவது எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். பாகுபாட்டுக்கு எதிரான நாளை ஒரே சாதியின் துயர நாளாக மட்டும் நடத்தினால் அது பாதி உண்மையாகிவிடும். சட்டத்தால் வதைபட்டவர்கள் வாழும் அதே ஊர்களில் தலித் மக்கள் பட்ட அவமானங்களும் வரலாறுதான். அதில் ஒரு பகுதி நேற்றைய வரலாறு. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று தலித் இயக்கங்கள் கேட்டன. சாதி என்பது இனமல்ல என்று இந்திய அரசு மறுத்தது. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2002-ல், பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் பொதுப் பரிந்துரையில் சொன்னது. பிறப்பை வைத்து மனிதனை அளக்காதே என்று மந்தையில் நின்று சொல்கிற நாடகம், அந்தக் கேள்வியை மந்தைக்குள் வர முடியாமல் நின்றவர்களின் வாயாலும் கேட்க வேண்டும். நடிப்பவர்களிலும் எழுதுபவர்களிலும் அவர்கள் இருக்க வேண்டும். இது கூடாது என்று ஊர் சொன்னால், அந்த ஆண்டு இந்த நாளைத் தொடாமல், டிசம்பரில் மலைக்குத் திரும்பிவிடுவதே நேர்மை.

செய்முறையில் சில விஷயங்கள். மலையில் பாதுகாக்கப்பட்ட பகுதியில் படப்பிடிப்புக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். நாடகம் மந்தையில் என்றால் ஊராட்சியும் காவல் நிலையமும் போதும். ரேகையை ஓவியப் பொருளாக எடுக்க எந்தக் கலைஞருக்கும் ஆசை வரும். மை தடவிய விரலைப் போலக் கண்ணைப் பிடிக்கும் உருவம் வேறு இல்லை. ஊர்க்காரர்களின் விரலைக் கேட்டு வாங்கிப் பதிப்பதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். அந்த மக்களிடம் அதை மறுபடி கேட்க நமக்கு உரிமை இல்லை. வேண்டுமானால் நடத்துகிறவர்கள் தங்கள் விரலைப் பதிக்கலாம். பெரியவர்களிடம் பேச்சைப் பதிவு செய்தால் அதன் ஒரு படி ஊரிலேயே, பள்ளியிலோ நூலகத்திலோ இருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் இன்றும் நடக்கின்றன; அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சிறு நூல் போட்டாலும் திட்டப்பணி வீண்போகாது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசின் பழைய ஆணைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் படியெடுத்து ஊரில் வாசித்துக் காட்டுவதும் படைப்பு வேலையின் ஒரு பகுதியே.

ஊரிடம் கேட்பது எப்போது என்பதையும் நாள்காட்டிதான் சொல்கிறது. மாசி மாதம் மகாசிவராத்திரிக்கு இந்த வட்டாரத்தார் எங்கிருந்தாலும் குலதெய்வக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் வேலையில் இருப்பவர்கள், கல்யாணமாகிப் போன பெண்கள், போலீஸ் வேலையில் இருக்கும் பேரன்கள் எல்லாரும் அந்த ஓரிரு நாள் ஊரில் இருப்பார்கள். பிப்ரவரியிலோ மார்ச் முதல் பாதியிலோ சிவராத்திரி வரும். மார்ச் 21-க்குச் சில நாளோ சில வாரமோ முன்னதாக. கும்பிட்டு முடித்து, பந்தி முடிந்து, பெரியவர்கள் மரத்தடியில் உட்காரும் நேரத்தில் போய், இப்படி ஒன்று செய்ய நினைக்கிறோம், உங்கள் தாத்தா காலத்தில் நடந்ததைச் சொல்லுங்கள், சொல்லலாமா கூடாதா என்றும் நீங்களே சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். நாளை உறுதி செய்வதும், நாடகத்தின் முதல் வரியை எழுதுவதும் அதற்குப் பிறகுதான்.